துருப்பிடித்த பழைய பஸ்ஸை வீடாக்கும் வேலை: தொடர்வதா, விடுவதா?

கேள்வி இதுதான். முப்பது வருடப் பழைய பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, சமையல் மேடை, சின்னக் குளியலறை எல்லாம் வைத்து ஓடும் வீடாக்க ஒருவர் ஆரம்பித்தார். இரண்டு வருடம் ஓடிவிட்டது. சீட்டுகளைக் கழற்றி, உள் தகடுகளைப் பிரித்து, தரையில் கிடந்த பிளைவுட்டைத் தூக்கிய அன்றுதான் அடியில் இருந்த தரைத் தகடு பல இடங்களில் பொத்தலாகிக் கிடப்பது தெரிந்தது. பின்சக்கர வளைவுப் பக்கம் கை வைத்தாலே உதிர்கிறதாம். "பாதிக்குப் பாதி துரு, பேசாமல் எடைக்குப் போட்டுவிடு" என்கிறார் நண்பர். வீட்டில் இருப்பவர்களுக்கும் அலுத்துவிட்டது. இதுவரை போட்ட பணமும் போன சனி ஞாயிறுகளும் மனதை அறுக்கின்றன. விடலாமா, தொடரலாமா என்று கேட்கிறார்.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பல வருடம் தகடு வேலை பார்த்தவன். எனக்கென்று இரண்டு பஸ்களை எடுத்து வேலை செய்திருக்கிறேன். முதல் வண்டியைப் பாதியில் விட்டேன், இரண்டாவதை முடித்து இன்றும் ஓட்டுகிறேன். அதனால் உங்கள் நிலைமை எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு எந்த வேலை நடந்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். புதிதாக ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம், அந்தப் பொத்தல்களின் மேல் தகடு வைத்து மூடவும் வேண்டாம். வண்டியின் நிலைமை முழுதாகத் தெரியும் வரை உங்களுக்கு இருக்கும் ஒரே வேலை பார்ப்பது. நான்கு முழு நாட்கள் ஒதுக்குங்கள். அந்த நான்கு நாட்களில் நீங்கள் தெரிந்துகொள்வது, இரண்டு வருடமாக மனதுக்குள் நடத்திக்கொண்டிருக்கும் வாதத்தைவிட அதிகமாக இருக்கும்.

'பாதிக்குப் பாதி துரு' என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பரப்பை வைத்துத் துருவை எடைபோட முடியாது. மேற்கூரை முழுவதும் செக்கச்செவேலென்று பூத்திருந்தாலும் ஒரு வாரம் தேய்த்துப் பிரைமர் அடித்தால் சரியாகிவிடலாம். ஸ்பிரிங் வந்து சேரும் பிராக்கெட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு இத்துப்போயிருந்தால், மற்றதெல்லாம் புதுசாக இருந்தாலும் அந்த வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. துரு எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடம் எதைத் தாங்குகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு உங்கள் பஸ் எந்த வகை என்று தெரிய வேண்டும். அடியில் குனிந்து பாருங்கள். முன்னாலிருந்து பின்பக்கம் வரை இரண்டு தடித்த சேனல்கள் நேராக ஓடினால், அது சேசிஸ் மேல் பாடி கட்டிய வண்டி. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், பட்டை ஸ்பிரிங் எல்லாமே அந்த இரண்டு சேனல்களில்தான் பிடித்திருக்கும். பாடி என்பது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி. இந்த வகையில் தரைத் தகடு மொத்தமும் போயிருந்தாலும், சேனலும் குறுக்குச் சட்டங்களும் நன்றாக இருந்தால் வண்டியைக் காப்பாற்றலாம். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்காது.

நீளச் சேனல்கள் இல்லாமல், சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து கூண்டு மாதிரி கட்டி, நடுவில் சாமான் அறைகள் இருந்தால், பாடியே அங்கே சேசிஸ் வேலையைச் செய்கிறது. நெடுந்தூரக் கோச்சுகளில் இது அதிகம். இதில் ஒவ்வொரு குழாயும் பக்கத்துக் குழாயின் சுமையைப் பங்குபோட்டுத் தாங்குகிறது. எங்கோ நான்கு குழாய்கள் இத்துப்போனால், அந்தப் பாரம் நன்றாக இருக்கும் இடத்துக்குப் போய் அங்கே விரிசல் விடும். துருவே இல்லாத புது வண்டியில்கூட இது நடந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954 முதல் 1956 வரை சீனிக்ரூசர் என்ற இரண்டடுக்குத் தரைக் கோச்சு 1001 வண்டிகள் செய்தது. பெயரும் புகழும் பெற்ற வண்டிதான், ஆனாலும் சில வருட ஓட்டத்திலேயே பாடிச் சட்டங்களில் விரிசல் கண்டு, வலுவூட்டிக் கட்ட வேண்டி வந்தது. கூண்டு வகை வண்டியில் பாரம் எப்படிப் பாய்கிறது என்று கணக்குப் போடுவது பெரிய தொழிற்சாலைக்கே சவாலாக இருந்திருக்கிறது என்றால், துருவால் பாதி பலம் போன கூண்டில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

சரி, இப்போது எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பழைய தட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று, அரைக்கிலோ சுத்தியல் ஒன்று, நல்ல டார்ச், சாக்பீஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம். இவ்வளவு போதும். போனில் இணைக்கும் ஒயர் கேமரா இருந்தால் குழாய்க்குள்ளும் பார்க்கலாம்.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பஸ்ஸில் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பலூன்கள் பாடியைத் தாங்கினால், காற்று நிரம்பியிருப்பதை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். பலூன் ஒன்று வெடித்தாலோ குழாய் கழன்றாலோ பாடி ஒரே நொடியில் கீழே இறங்கிவிடும், நகரக்கூட நேரம் கிடைக்காது. ஜாக்கியை மட்டும் நம்புவதும் அப்படித்தான். பாரம் தாங்கும் ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்கு அடியில் வைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, அப்புறம்தான் படுக்க வேண்டும். இத்துப்போன இடத்தில் ஸ்டாண்டை வைத்தால் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே போகும் என்பதால், வைக்கும் இடத்தை முதலில் தட்டிப் பாருங்கள். ஏர் பிரேக் வண்டியில் பின்சக்கரப் பக்கம் இரட்டைக் கிண்ணம் மாதிரி இருக்கும் பிரேக் சேம்பர், துருவோடு எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும், அதைச் சுற்றியிருக்கும் பட்டையைக் கழற்றாதீர்கள். உள்ளே அமுக்கி வைத்த பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அது விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும்.

இனி தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். இத்துப்போன இடம் 'தப்' என்று அமுங்கிப்போன சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். உள்ளே போகாவிட்டால் நல்லது. பள்ளம் விழுந்தால் சாக்பீஸால் ஒரு வட்டம். ஓட்டையானால் பெருக்கல் குறி.

என் முதல் பஸ் கூண்டு வகை. டீசல் டேங்குக்குப் பக்கத்தில் ஓடிய ஒரு சதுரக் குழாய் கறுப்பு பெயிண்டோடு பளபளவென்று இருந்தது. தட்டினேன், சத்தம் அமுங்கியது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன், பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஈரமான பழுப்புப் பொடி என் மணிக்கட்டின் மேல் கொட்டியது. அதோடு பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்கான துண்டுகளும் வந்தன. அந்தக் குழாய் உள்ளேயிருந்து மூன்று பக்கமும் கரைந்து, பெயிண்ட் தோல் மட்டும் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் நான் ஆறு மாதம் உழைத்துச் செய்த சமையல் மேடை இருந்தது.

குழாய் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அரிக்கும். ஏதோ ஒரு திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும், வெளியேற வழி இருக்காது. அதனால் பெயிண்ட் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. இரும்பு துருவாகும்போது உப்பும், ஆறு மடங்கு வரைகூட உப்பும். சேசிஸ் சேனலின் மேல் செதில் செதிலாக மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குத் துரு நின்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சுரண்டி எடுத்தால் போன இரும்பு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கலாம். எட்டு மில்லிமீட்டர் சேனலுக்கு அது பெரிய இழப்பில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் தரைத் தகட்டுக்கு அது பாதி உயிர். சுரண்டிவிட்டு, மிச்சமிருப்பதை அளந்த பிறகு பயப்படுங்கள். அல்ட்ராசோனிக் தடிமன் மானி ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தால் ஒரு பக்கத்திலிருந்தே அளந்துவிடலாம்.

அந்த உப்பலே இன்னொரு சேதமும் செய்யும். இரண்டு தகடுகள் சேர்ந்த இடத்தில், அல்லது சேனலுக்குள் இன்னொரு சேனலை வைத்துப் பலப்படுத்திய இடத்தில் துரு புகுந்தால், அது ஆப்பு அடித்த மாதிரி இரண்டையும் பிரிக்கும். ரிவெட் தலைகள் தெறித்திருந்தாலோ, நேராக இருக்க வேண்டிய விளிம்பு அலை அலையாக இருந்தாலோ, உள்ளே அதுதான் நடக்கிறது. இதைத் துருநீக்கி தடவிச் சரிசெய்ய முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் ஒட்டியிருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அலுமினியத்தின் அரிப்பு. இரண்டு வேறு உலோகங்களும் நடுவில் ஈரமும் சேர்ந்து ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்கின்றன. அங்கே பின்னால் இருக்கும் சட்டத்தையும் சந்தேகப்படுங்கள்.

எங்கே முதலில் பார்ப்பது? பின்சக்கர வளைவு, ஏறும் படி, பேட்டரிப் பெட்டி, ஜன்னல்களுக்கு நேர் கீழே ஓடும் சட்டம், கழிப்பறை இருந்த வண்டியானால் அதன் அடி. இவை எல்லா பஸ்ஸிலும் முதலில் போகும் இடங்கள். இவற்றில் துரு இருப்பது செய்தியே இல்லை. நீங்கள் தேட வேண்டியது வேறு. ஸ்பிரிங் அல்லது ஏர் பலூன் தாங்கி நிற்கும் இடம், ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் தண்டுகளின் முனை, ஸ்டீரிங் பெட்டி போல்ட் போட்ட தகடு, இன்ஜின் தாங்கிகள். சேசிஸ் வண்டியில் சேனலின் மேல், கீழ் மடிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேனல் வளையும்போது அதிக இழுவையும் அழுத்தமும் அந்த மடிப்புகளில்தான் விழும். அதனால்தான் நடுத்தட்டில் ஓட்டை போடலாம், மடிப்பில் போடக்கூடாது என்பார்கள். பல சேசிஸ்கள் வெப்பத்தில் பதப்படுத்திய எஃகு. அதில் இஷ்டத்துக்கு வெல்டிங் வைத்தால் பக்கத்து இடம் பலமிழந்து, பிறகு அங்கேயே விரியும்.

கூண்டு வகை வண்டிக்கு ஒரு எளிய பரிசோதனை இருக்கிறது. சமதளத்தில் நிறுத்திக் கதவையும் சாமான் அறைக் கதவுகளையும் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். பிறகு ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் கொஞ்சம் உயர்த்தி மறுபடி அளக்கலாம். லேசான மாற்றம் இயல்பு. கதவு கவ்விக்கொண்டு திறக்கவே மறுத்தாலோ, முன்கண்ணாடி முனகினாலோ, பாடி முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். முன்கண்ணாடி காரணமில்லாமல் திரும்பத் திரும்ப விரிந்ததாகப் பழைய சொந்தக்காரர் சொல்லியிருந்தால், அதை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பரிசோதனை முடியும்போது வண்டி முழுக்க சாக்பீஸ் வட்டங்களும் பெருக்கல் குறிகளும் இருக்கும். பெருக்கல் குறிகள் தாங்கும் இடங்களில் விழுந்திருக்கின்றனவா, மூடும் தகடுகளில் விழுந்திருக்கின்றனவா என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பாதி முடிவு அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

மறுபாதி, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. இதைப் பலர் கேட்பதே இல்லை. துரு என்பது தண்ணீர் நடந்துபோன தடம். அந்தத் தண்ணீரை நிறுத்தாமல் போடும் ஒவ்வொரு தகடும் அடுத்த துருவுக்கான தீனி. மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். எல்லோரும் கூரையிலிருந்து ஆரம்பிப்பார்கள், அது தப்பு. மேலே ஊற்றினால் எல்லா இடத்திலும் வழிந்து, எந்த ஓட்டை என்றே தெரியாது. கீழிருந்து மேலே போங்கள். முதலில் படி, பிறகு பக்கத் தகடு இணைப்பு, அப்புறம் ஜன்னல் ரப்பர், கடைசியாகக் கூரை விளக்குகளும் கூரை மூடிகளும். ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். உள்ளே இணைப்பு நெடுக டிஷ்யூ பேப்பரைச் செருகி வைத்தால், ஒரு சொட்டு விழுந்தாலும் கறுத்த புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெளியிலிருந்து வரும் தண்ணீரை அடைத்தாலும் உள்ளே உருவாகும் தண்ணீர் ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் மூடிய பஸ்ஸில் ஓர் இரவு தூங்கினால் அவர்கள் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவுக்கு நீராவி வரும். ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியேறும். அது குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் நீராக இறங்கும். வெப்பத்தடுப்புப் பஞ்சுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே பஸ்ஸைக் காப்பாற்ற முடிவு செய்தால், காற்றோட்டமும் துரு வேலையில் சேர்ந்ததே.

இன்ஜினையும் காகிதங்களையும் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஆனால் தகட்டைத் தொடும் முன் இரண்டையும் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சட்டப்படி இந்த வண்டியைத் தங்கும் வண்டியாகப் பதிவு மாற்ற முடியுமா, இன்சூரன்ஸ் கொடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடியாது என்றால் துருவைப் பற்றிப் பேசவே தேவையில்லை. இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறதா, ஏர் டேங்க் நிறைகிறதா என்று பாருங்கள். நிறைந்த பின் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தால், காற்றழுத்தம் ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை முன்சக்கரத்தில் வைத்து ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். டயர் செட் முழுவதையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

இப்போது கணக்கு. இங்கேதான் எல்லோரும் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். 'ஒரு மாதத்தில் தரையை முடித்துவிடலாம்' என்று மனம் சொல்லும். மனதைக் கேட்காதீர்கள். பெருக்கல் குறி போட்ட இடங்களில் நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை முடியுங்கள். வெட்டுவது, தேய்ப்பது, தகடு வளைப்பது, வெல்டிங், பிரைமர், சீலர், பெயிண்ட், எல்லாம். கடிகாரத்தைப் பார்த்து மணிக்கணக்கை எழுதுங்கள். சாமான் வாங்க அலைந்த நேரமும் சேரட்டும். இரண்டாவது பஸ்ஸில் ஒரு சக்கர வளைவுக்கு எட்டு மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன், இருபத்தாறு ஆனது. அந்த இருபத்தாறை மீதி இடங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, வாரத்துக்கு எனக்கு உண்மையில் கிடைக்கும் மணிகளால் வகுத்தேன். பதினான்கு மாதம் என்று வந்தது. பதினாறு மாதத்தில் முடித்தேன். முதல் வண்டிக்கு இதே கணக்கைப் போட்டபோது ஐந்து வருடம் வந்திருந்தது, அதுவும் தாங்கும் இடங்களை எப்படிச் சரிசெய்வது என்ற கேள்விக்கு விடை தெரியாமலே.

செலவழித்த பணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது, இனி எப்படி நிற்பது என்ற எண்ணம் அது. கிணற்றைத் தாண்டுபவனுக்கு அது பொருந்தும், அவனுக்கு நடுவில் கால் வைக்க இடமில்லை. உங்களுக்கு இருக்கிறது. 1985-இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் டிக்கெட் கிடைத்தது. யாருக்கு எது என்பது தற்செயல். முழு விலை கொடுத்தவர்கள் முதல் பாதி சீசனில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசு மட்டும்தான் வேறு. ஆனால் இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. போட்ட பணத்தின் பிடி நாளாக நாளாகத் தளரும் என்பது எனக்கு இதில் பயனுள்ள பகுதி. அதனால் பரிசோதனை முடிந்ததும் உடனே முடிவெடுக்காமல், வண்டியை மூடிவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். தார்ப்பாயைத் தகட்டோடு ஒட்டிப் போர்த்தினால் அடியில் வியர்த்து இன்னும் துரு ஏறும். மரச்சட்டம் கொடுத்து, காற்று ஓடும்படி உயர்த்திக் கட்டுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளையும் மணிக்கணக்கையும் எடுத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பஸ்ஸைக் கைவிடுவது வேறு, பஸ் வீட்டைக் கைவிடுவது வேறு. இந்த வேலையில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். சோலார் பலகை, பேட்டரிகள், இன்வெர்ட்டர், குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் பம்பு, அடுப்பு, நல்ல மரம். இவை எதுவும் அந்தத் துருப்பிடித்த கூட்டுக்குச் சொந்தமில்லை. கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். என் முதல் பஸ்ஸை விட்டபோது சமையல் மேடையைப் பத்து சென்டிமீட்டர் மட்டும் குறைத்து இரண்டாவது வண்டியில் வைத்தேன். நீங்கள் கற்ற வெல்டிங், ஒயரிங், பிளம்பிங் எல்லாம் உங்கள் கையோடுதான் வரும். உண்மையில் விட்டுப்போவது பஸ்ஸின் வெறுங்கூடும், அதில் செய்த தகட்டு வேலையும்தான். இரண்டாவது முறை பஸ் வாங்கப் போகும்போது சுத்தியலும் ஸ்க்ரூடிரைவருமாகப் போவீர்கள் என்பது பெரிய லாபம்.

நான் எப்போது விடுவேன் என்று நேரடியாகவே சொல்கிறேன். கூண்டு வகை வண்டியில் சஸ்பென்ஷன் தாங்கும் இடங்கள் ஒன்றுக்கு மேல் போயிருந்தால் விட்டுவிடுவேன். சேசிஸ் வண்டியில் சேனலின் மடிப்பு ஓட்டையாகியிருந்தாலும், இரட்டைச் சேனல் நீள நெடுக உப்பிப் பிரிந்திருந்தாலும் அப்படியே. இவற்றைச் சரிசெய்யவே முடியாது என்றில்லை. கனரக வாகனச் சட்ட வேலை தெரிந்த பட்டறை செய்யும். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும், அதே தொகைக்குத் துரு இல்லாத இன்னொரு பஸ் கிடைக்கும். தரைத் தகடு, பக்கத் தகடு, படி, சக்கர வளைவு, சில குறுக்குச் சட்டங்கள் மட்டும் போயிருந்தால் நான் தொடர்வேன். உங்கள் விவரிப்பில் இதுவரை வந்ததெல்லாம் இந்த இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. அதனால் நண்பர் பேச்சைக் கேட்டு நாளைக்கே லாரியை வரச்சொல்லிவிடாதீர்கள்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. வண்டி இனி ஓடாது, ஒரே இடத்தில் நிற்கும் என்று முடிவு செய்தால் பிரேக், டயர், சஸ்பென்ஷன் கேள்விகள் போய்விடும். ஆக்சில்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, எழுதும் அறையாகவோ விருந்தினர் அறையாகவோ வைத்துக்கொள்ளலாம். ஓட்டுவதைவிடக் கட்டுவதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் இது குறைச்சலான முடிவே இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்: அவர்களுக்கு அலுத்தது பஸ்ஸா, முடியாத சனிக்கிழமைகளா? என் வீட்டில் கேட்டபோது, "பஸ் இருக்கட்டும், தேதி ஒன்று சொல்லுங்கள்" என்ற பதில்தான் வந்தது. மணிக்கணக்கு கையில் இருந்ததால் தேதி சொல்ல முடிந்தது.

தொடர்வது என்று முடிவானால் சில விஷயங்கள். ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்கும் திரவம் டானிக் அமிலத்தாலோ பாஸ்பாரிக் அமிலத்தாலோ வேலை செய்கிறது. டானிக் வகை துருவைக் கருநீலமாக்குவது, அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியபோது நடந்த அதே வினைதான். மெல்லிய துருவை அது நன்றாகக் கட்டுப்படுத்தும். செதிலாக நிற்கும் துருவின் மேல் தடவினால் மேல்தோல் கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும். போன பலத்தை எந்தத் திரவமும் திருப்பித் தராது. இத்துப்போனதை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுங்கள். கூண்டு வண்டியில் ஒரு நேரத்தில் ஒரு குழாயை மட்டும் வெட்டி, முட்டுக் கொடுத்து, புதியதை வைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வெல்டிங் முடிந்ததும் எபாக்சி பிரைமர், இணைப்புகளுக்கு சீலர், குழாய்க்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பான். குழாயின் கீழ்முனையில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டை விட மறக்காதீர்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், கிரைண்டர் தூசியைச் சுவாசிக்காதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது வரும் வெண்புகை அன்று இரவே குளிர்காய்ச்சல் தரும். சுவருக்குள் ஃபோம் அடைத்திருக்கும் இடத்தில் பொறி விழுந்தால் புகையில் சயனைடு வாயுவே இருக்கும். வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி அதை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வாளியோடு ஒரு ஆளை நிறுத்துங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் அந்த ஆள் அங்கேயே இருக்க வேண்டும்.

விடுவது என்று முடிவானால் அவசரப்பட்டு மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். அதே மாடல் பஸ் வைத்திருப்பவர் யாராவது ஜன்னல் கண்ணாடிக்கும் விளக்குக்கும் டேஷ்போர்டுக்கும் அலைந்துகொண்டிருப்பார். இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், அதை ஸ்டார்ட் செய்து காட்டிய பிறகே கழற்றுங்கள், நம்பி வாங்குவார்கள். முழு வண்டியாக விற்பதாக இருந்தால் சாக்பீஸ் குறிகளை அழிக்க வேண்டாம். வாங்க வருபவரிடம் டார்ச்சைக் கொடுத்து, சஸ்பென்ஷன் பக்கம் இருக்கும் பெருக்கல் குறிகளை நீங்களே முதலில் காட்டுங்கள். என் முதல் பஸ்ஸை வாங்கியவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். அவருக்கு அது ஓட வேண்டிய அவசியமே இல்லை, கூரை ஒழுகாமல் இருந்தால் போதும் என்றார். கூரை ஒழுகவில்லை.